உங்கப்பா மூக்குக்குக் கிடைச்ச பதவி

அன்பு மகளுக்கு அம்மா ஆசையோட எழுதுறது. இங்க உங்கப்பா மூக்கைத் தவிர எல்லாரும் சௌக்கியம், அங்க நீயும் மாப்பிள்ளையும் மூக்கு உட்பட சௌக்கியமா இருக்கணும்.

மெத்தைக் கம்பெனியில பசை கலக்குற பக்கம் போனாலே அப்பா தும்முறார்னு போன தடவை எழுதினேன்ல, ஞாயித்துக்கிழமை ஒரு தும்மல் கிடையாது, திங்கக்கிழமை கேட்டைத் தாண்டினா கண்ணுல மூக்குல தண்ணியா கொட்டுது. இதுக்கு நடுவுல பசை வாடை கசிஞ்சா கூவுற மெஷின் கெட்டுப்போச்சு. மேனேஜர் என்ன பண்ணார் தெரியுமா, மெஷினை விட இவர் மூக்கு சீக்கிரம் சொல்லிடுதுன்னு கண்டுபிடிச்சு, பசை டிரம்முக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு அப்பாவை உக்கார வெச்சுட்டார். ஒரு தும்மல் போட்டா ஜன்னலைத் திறக்கணும், மூணு போட்டா எல்லாரும் வெளிய ஓடணும். அதுக்கு ஒரு பதவி, சட்டையில குத்திக்க ஒரு அட்டை வேற, இந்த மனுஷன் அதை வீட்டுலயும் குத்திக்கிட்டுத் திரியுறார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ரெண்டு படி ஏறினா நெஞ்சுல விசில் அடிக்குது, கேட்டா ஒண்ணும் இல்லைங்குறார். டாக்டர் இனி அந்தப் பக்கமே போகக்கூடாது, நுரையீரல் கெட்டுடும்னு சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டா தும்மல் நின்னுடும்னு மேனேஜர் அதைத் தடை பண்ணி நோட்டீஸே ஒட்டிட்டாராம், எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா நீ.

உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு, செவ்வாய்க்கிழமை மாத்திரையைப் பொடி பண்ணி அவர் டீயில கலந்துட்டேன். புத்தி கெட்ட வேலை. அன்னைக்குன்னு பார்த்து டிரம் கசிஞ்சிருக்கு, இவருக்குத் தும்மலே வரல, மூணு பேர் மயங்கி விழுந்துட்டாங்க, நல்லவேளை பிழைச்சுக்கிட்டாங்க. பணி நேரத்தில் தும்மாத காரணத்தை எழுதித் தரவும்னு அப்பாவுக்கு மெமோ. மனுஷன் மூக்கு போச்சேன்னு மிளகுப்பொடி டப்பாவை மோந்து மோந்து பார்த்து அழுதார்.

மறுநாள் அவர் பின்னாடியே பசைக் கூடத்துக்குள்ள போயிட்டேன். மாத்திரை கலந்தது நான்தான், அவர் மேல தப்பில்லை, மரியாதையா மெஷினைச் சரி பண்ணுங்கன்னு மேனேஜரைப் பிடிச்சுக் கத்தினேன், கத்தி முடிக்கல, எனக்கே வரிசையா மூணு தும்மல். அவ்வளவுதான், உள்ள இருந்த அத்தனை பேரும் ரோட்டுக்கு ஓடிட்டாங்க, ஓடினவங்க மெஷின் சரியாகாம உள்ள வரமாட்டோம்னு அங்கேயே உக்காந்துட்டாங்க. மேனேஜர் மூக்கைப் பொத்திக்கிட்டு என் பின்னாலயே வந்து, அம்மா நாளையிலேர்ந்து நீங்க வேலைக்கு வர முடியுமாங்குறார்! நான் வாயைத் திறக்குறதுக்குள்ள உங்கப்பா என் கையைப் பிடிச்சு இழுத்து, அவ வேணாம் சார், அந்த நாற்காலியில உக்காந்தா மூச்சே விட முடியாதுன்னு சொல்லிட்டார். சொல்லிட்டு என் மூஞ்சியைப் பார்க்காம நிக்குறார்.

தீர்க்காயுசா நல்லா இரும்மா. மாப்பிள்ளையைக் கேட்டதா சொல்லு. உன் ஆபீஸ்ல எதாவது வாடைக்குத் தும்மல் வந்தா யார் என்ன சொன்னாலும் எழுந்து வெளிய வந்துடு, எங்க ரெண்டு பேர் மூக்கும் உனக்குத்தான் வந்திருக்கும்.

உன் அம்மா