வலப்பக்கம் போட்ட வலை

பழவேற்காட்டிலிருந்து மாசிலாமணி, நாகப்பட்டணத்தில் இருக்கும் என் ஞானப்பூவுக்கு எழுதுவது. ஆண்டவர் தயவால் சுகமாயிருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே ஒல்லாந்தர் கோட்டைத் துறையில் தோணி பழுதுபார்க்கும் வேலைக்குக் குறைவில்லை. தினமும் வேலைக்குப் போகுமுன் வேதத்தில் ஓர் அதிகாரம் வாசிக்கிறேன். போன வாரம் நடந்ததைக் கேட்டால் சிரிப்பாய். வலப்பக்கம் வலை போடச் சொல்லி இயேசு சீஷர்களுக்கு மீன் தந்த இடத்தை வாசித்தேன். நேரமாகிவிட்டதென்று பாதியிலேயே மூடிவிட்டேன். அன்று பழுதுபார்த்த தோணியை ஏரியில் ஓட்டிப் பார்க்கையில், மீனவர் குப்பனிடம் இரவல் வாங்கிய வலையை வலப்பக்கமாகவே வீசினேன். வலை கொள்ளாத மடவை மீன்.

உடனே ஏரிக்கரை ஊரான பசியாவரத்து மீனவர்கள் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவதென்று முறை உண்டு, பாடு என்பார்கள். முறை தப்பினால் வலை பறிபோகும். குப்பன் பிழைப்பே அந்த வலைதான். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

அவர்களில் மூத்தவரான அங்கமுத்து, "உங்க சாமி வலப்பக்கம்னு சொன்னாரு, சரி. இன்னிக்கு அது யாரு பாடுனு சொல்லலியா?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வலையைத் திருப்பித் தந்ததோடு, குழம்புக்கு நாலு மீனும் போட்டார்கள். ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

மாலையில் மீதியை வாசித்தேன். இன்னொருவனைப் பற்றி விசாரித்த பேதுருவிடம், அது உனக்கென்ன என்று அதே அதிகாரத்தின் கடைசியில் ஆண்டவர் கேட்கிறார். அடுத்தவர் முறையில் வலை போட்ட என்னையே கேட்டதுபோல் இருந்தது. வீட்டில் நான் வாசிப்பைப் பாதியில் நிறுத்தும்போதெல்லாம் நீ "அப்புறம்?" என்பாயே, இங்கே அப்படிக் கேட்க ஆளில்லை.

உப்புக்காற்றில் புத்தகம் கெடுகிறது. சுற்றிவைக்க உன் பழைய சேலையில் ஒரு துண்டு அனுப்பு. கடிதம் கொண்டுபோகிறவர் அவசரப்படுத்துகிறார். இப்போதெல்லாம் புத்தகத்தை மூடுமுன் "அப்புறம்?" என்று நானே கேட்டுக்கொள்கிறேன்.

உன் மாசிலாமணி