கை அசைந்தால் ஓடும் மணிக்கூடு

சாப்பாட்டு மேசையில் கனமான ஒரு மணிக்கூட்டைக் கழற்றி வைக்கும் சத்தத்தை நீங்கள் போன பிறகு நான் கேட்டதில்லை. இந்த ஆவணியில் கேட்டேன். கொக்கட்டிச்சோலைத் தேருக்கென்று சுவிஸிலிருந்து வந்திருந்த உங்கள் அக்காவின் மகன் நிரோஷன், கை கழுவப் போகுமுன் தன் மணிக்கூட்டைக் கழற்றித் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். உருக்குப் பட்டி பலகையில் மடிந்து விழும் சத்தம். நான் சோற்றுக் கரண்டியோடு நின்றுவிட்டேன். குனிந்து பார்த்தால் செக்கன் கம்பி துள்ளவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. உங்களுடையதும் அப்படித்தான் போகும்.

நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது அவன் பல் விழுந்த பையன். இப்போது அங்கே விலை கூடிய மணிக்கூடுகளைத் திருத்தும் ஒரு பட்டறையின் முன்மேசையில் வேலை செய்கிறான். நான் பார்ப்பதைக் கண்டு, "மாமி, இது பற்றரி இல்ல," என்றான்.

"தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை செக்கன் பிழைக்கும்?"

"ரெண்டு செக்கன். கூடிப்போனா மூணு."

"என்ட கையில கிடக்கிறது பசாரில வாங்கினது. மாசத்துக்கே அதுக்குக் கொஞ்சம் மேலதான் பிழைக்கும்."

அவன் சிரித்தான். "மாமா அம்மாட்டச் சொல்லுவாராம், ஆருக்கும் காட்டலாம், என்ட மனிசிக்கு மட்டும் இதக் காட்டப்படாதெண்டு."

உங்களுக்கு அந்த மணிக்கூடு கிடைத்தது, சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த வருடம். நிவாரண வீடுகள் கட்ட வந்த வெளிநாட்டு நிறுவனத்தில் நீங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்திருந்தீர்கள். உங்களுக்கு மேலிருந்த அந்த உயரமான பொறியியலாளர் ஊர் திரும்பும் நாளில், தன் கையிலிருந்ததைக் கழற்றி உங்கள் கையில் கட்டிவிட்டுப் போனார். அன்று நீங்கள் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு நாவற்குடா வீட்டுக்குள் நுழைந்தீர்கள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நிரோஷனிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் உங்களிடமும் முதலில் கேட்டேன். "வடிவா இருக்கா எண்டு கேளன், புள்ள," என்றீர்கள். வடிவாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.

வானொலிச் செய்திக்கு முன் வரும் மணியோசையோடு ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்த்தேன். நாளுக்கு நாலு செக்கன் முந்தி ஓடியது. ஒரு சுருள்வில்லும் சில பற்சக்கரங்களும் மட்டும் உள்ள பொருள், ஒரு முழு நாளில் நாலே செக்கன் பிசகுவது பெரிய காரியம்தான். ஆனால் மலிவான பற்றரி மணிக்கூடு அதைவிடச் சரியாக ஓடும்போது, இவ்வளவு விலை கொடுத்துக் கூடிய பிழையை ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். இன்றைக்கும் எனக்கு அது முழுதாக விளங்கவில்லை. நீங்களோ அந்தப் பிழையோடு விளையாடத் தொடங்கினீர்கள். படுக்கும்போது முகம் மேலே பார்க்க வைத்தால் கொஞ்சம் முந்துகிறது, பக்கவாட்டில் நிறுத்தி வைத்தால் பிந்துகிறது என்று கண்டுபிடித்தீர்கள். அன்றைய பிழைக்கு ஏற்றமாதிரி அதைக் கிடத்துவீர்கள், அல்லது நிறுத்துவீர்கள். குழந்தையில்லாத வீட்டில் உங்களுக்குத் தூங்கவைக்க ஒன்று கிடைத்துவிட்டது என்று நான் சொன்னேன். நீங்கள் கோபிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் பின்கண்ணாடியை எனக்குக் காட்டினீர்கள். உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று, கையை அசைக்கும்போதெல்லாம் சுழன்று வில்லை முறுக்கியது. "என்ட கைதான் இதுக்குப் பற்றரி," என்றீர்கள். கழற்றி வைத்தால் இரண்டு நாளைக்குள் நின்றுவிடும் என்றீர்கள்.

"அதுவும் ஒரு குறைதான்," என்றேன்.

மணிக்கூட்டைத் திரும்பவும் கையில் கட்டிக்கொண்டீர்கள். பிறகு, கடல் வந்த கிழமை பற்றி அதுவரை எதுவும் சொல்லாத நீங்கள் சொன்னீர்கள்: "நாவலடியில ஒரு பெடியண்ட பிரேதத்தத் தூக்கினம். மூணாம் நாள். கையில மணிக்கூடு ஓடிட்டிருக்கு, புள்ள. நிமிஷம் தவறாம ஓடுது."

"தண்ணி புகாத மணிக்கூடாக்கும்."

"தண்ணி புகல்லதான். எனக்கு அது புடிக்கல்ல. ஆள் நிண்டா அதுவும் நிக்கோணும். இது நிக்கும்."

அதன் பிறகு செக்கன் கணக்கை நான் எடுக்கவில்லை. உங்களோடு ஒத்துப்போனேன் என்றில்லை. ஒரு பொருளிடம் அப்படியொன்றை எதிர்பார்ப்பவரோடு செக்கனைப் பற்றி வாதாட முடியாது.

நாலு செக்கனுக்காக நாங்கள் வாதாடிய அந்த மாதங்களில் எங்கள் ஆற்றின் இரண்டு கரைகளுக்கும் அரை மணித்தியாலம் வித்தியாசம் இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு வகுப்பில் சொன்னால் நம்புகிறார்களில்லை. அரசாங்கம் மணிக்கூட்டை முன்தள்ளி வைத்திருந்தது. ஆற்றுக்கு மேற்கே படுவான்கரையை வைத்திருந்த இயக்கத்தவர்கள் அதை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தார்கள். மண்முனையில் வாகனம் ஏற்றும் படகில் ஏறி அக்கரையில் இறங்கினால் அரை மணி பின்னுக்குப் போய்விடுவோம். உங்கள் அம்மா அங்கே வட்டையில் வயற்காணியோடு இருந்தார். நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்து, "பதினொண்டாகுது, அம்மா, சோத்தப் போடுங்க," என்றால், "உங்கட நேரத்த ஆத்துக்கு அங்கால வெச்சிட்டு வா, மனே. இஞ்ச இன்னும் உலையே கொதிக்கல்ல," என்பார். நீங்கள் நகர நேரத்தை மாற்றவே மாட்டீர்கள். மாற்றினால் ஓட்டம் நிற்கும், செக்கன் கணக்குப் பிழைத்துவிடும் என்பீர்கள். செக்கனைக் காப்பாற்ற அரை மணியை விட்டுக்கொடுத்த ஒரே மனிதர் நீங்களாகத்தான் இருக்கும் என்று நான் சொன்னேன்.

பிறகு அரசாங்கமே பழைய நேரத்துக்குத் திரும்பியது. ஒரே நாளில் இரண்டு கரையும் ஒன்றாகின. "பாத்தியா, ஒத்து வந்திட்டு," என்றீர்கள். நேரம் மட்டும்தான் ஒத்துவந்தது. அந்த வருடம் முடிவதற்குள் ஷெல் விழத் தொடங்கிற்று. படுவான்கரைச் சனம் ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது. உங்கள் அம்மா இரண்டு பைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்து சில வாரங்களில், பாதிக் கட்டிய வீடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மோட்டார் சைக்கிளில் போன நீங்கள் திரும்பி வரவில்லை.

இந்தக் கரையை வைத்திருந்தவர்களிடம் கேட்டால் அந்தக் கரைக்காரர் பிடித்திருப்பார்கள் என்றார்கள். அவர்களிடம் ஆள் வைத்துக் கேட்டால் இவர்கள் என்றார்கள். மோட்டார் சைக்கிளும் கிடைக்கவில்லை.

உங்கள் அம்மாவுக்கு இதுவரை சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். நீங்கள் போய் மூன்றாம் நாள் பின்னேரம் நான் கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த மணிக்கூடு நின்றிருக்கும் என்று தோன்றியது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆதாரமில்லாத எதையும் நான் ஏற்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பின்னேரத்திலிருந்து உங்களை இறந்தவராகத்தான் மனதில் வைத்திருக்கிறேன். அழுததாக நினைவில்லை. உடுப்பைப் பிழிந்து காயப்போட்டேன்.

அதன் பிறகு எத்தனையோ அலுவலகங்கள், எத்தனையோ ஆணைக்குழுக்கள். அடையாளம் சொல்லச் சொன்னபோதெல்லாம் மணிக்கூட்டின் பின்பக்கத்தில் வெட்டியிருந்த இலக்கத்தைச் சொன்னேன். அந்தப் பொறியியலாளர் மணிக்கூட்டோடு கொடுத்திருந்த உத்தரவாத அட்டையில் பார்த்து மனப்பாடம் செய்தது. எழுதுவினைஞர் ஒருவர் நிமிர்ந்து பார்க்காமலே, "மணிக்கூடு, ஒன்று," என்று எழுதிக்கொண்டார். யுத்தம் முடிந்துவிட்டதென்று நகரில் வெடி கொளுத்திய நாளில் நான் வந்தாறுமூலையில் பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்றேன். வீட்டுக்கு வந்தபோது உங்கள் அம்மா வாசலில் நின்றார். "முடிஞ்சிட்டாமே. இனி அடச்சி வெச்சிருக்கிறவங்கள விடுவானுகள்தானே, புள்ள?" என்றார். "பாப்பம், மாமி," என்றேன். அதையே பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் ஊருக்குத் திரும்பவில்லை. நீங்கள் வரும்போது இந்த வீட்டுக்குத்தானே வருவீர்கள் என்று இங்கேயே இருந்துவிட்டார்.

இந்த ஆவணியில், சாப்பாட்டு மேசையில் நிரோஷன் சொன்னான்: "மாமி, இந்தச் சாமான் சில வருஷத்துக்கொருக்காக் கழுவி எண்ணெய் போடாட்டி ஓடாது. கம்பனியில குடுத்தா நம்பரப் பதிவாங்க. மாமாட நம்பர் இருந்தா எனக்குக் கேட்டுப் பாக்கலாம்."

நான் இலக்கத்தைச் சொன்னேன். உங்கள் அம்மா மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. அது ஆற்றுச் சேற்றில் கிடக்கும், அல்லது எங்கோ மண்ணுக்குள் உங்களோடு கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். மாரி தொடங்கிய பிறகு ஒரு பின்னேரம் நிரோஷனின் அழைப்பு வந்தது. உங்கள் அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் எப்போதும்போல விறாந்தையில் இருந்து ஒலிபெருக்கியில் போட்டேன்.

"பதிவு இருக்கு, மாமி."

ஒரு நாட்டின் பெயரைச் சொன்னான். நான் அதை இங்கே எழுதப்போவதில்லை. அந்த நாட்டில் எங்கள் யுத்தத்தின் எல்லாப் பக்கத்து ஆட்களும் இருக்கிறார்கள். விற்றவர்களும், ஏதும் கேட்காமல் வாங்கியவர்களும் இருப்பார்கள். அதைத் திருத்தக் கொடுத்தவரின் பெயரைக் கம்பனி சொல்லாதாம். மூன்று வருடத்துக்கு முன்புதான் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி மாற்றியிருக்கிறார்கள். நன்றாகப் பாவித்த மணிக்கூடு, ஒவ்வொரு நாளும் கட்டுகிற ஆள்தான் என்றான். ஓட்டத்தையும் சரிசெய்து கொடுத்திருக்கிறார்களாம்.

அது நிற்கவில்லை. நான் கிணற்றடியில் நின்ற அந்தப் பின்னேரமும் யாரோ ஒருவருடைய கை அசைந்துகொண்டிருந்திருக்கலாம். எனக்கு ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். தொலைபேசியின் மேல் மழைத்தூறல் விழுந்தது. அதைத் துடைத்தேன்.

"களவுபோனதெண்டு முறைப்பாடு குடுப்பம், மாமி," என்றான் நிரோஷன். "அடுத்த முறை எண்ணெய் போடக் கொண்டு வரக்குள்ள மணிக்கூட்ட மறிச்சு வெச்சிருவாங்க. கொண்டுவாற ஆள்ட பேர் பொலிசுக்குப் போகும். மறுகா அவர் ஆரிட்ட வாங்கினாரெண்டு கேட்டுக் கேட்டுப் போகலாம்."

உங்கள் அம்மா கதிரையிலிருந்து முன்னால் வந்தார். "ஆரப் பொலிசு புடிக்கிற?"

"மணிக்கூட்டக் கொண்டுவாற ஆள, அம்மம்மா."

"அவன்தானே, மனே, கொண்டுவருவான்."

அவர் தொலைபேசிக்கு இன்னும் கிட்டக் குனிந்தார்.

"அவண்ட மணிக்கூடு. அவன்தான் கட்டித் திரியிறான். எங்கயோ தப்பிப் போய்ச் சீவிக்கிறான். களவெண்டு எழுதிக் குடுத்தா என்ட புள்ளயத்தான் கொண்டுபோய் அடைப்பானுகள்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இவ்வளவு படிச்சிருக்காய். இது தெரியல்லியா உனக்கு?"

நிரோஷன் மெதுவாக, "அம்மம்மா, மாமா இருந்தா இவ்வளவு காலமும் ஒரு கோல் எடுத்திருக்க மாட்டாரா?" என்றான்.

"எடுத்தா இஞ்ச எங்களுக்குக் கரைச்சல் எண்டு எடுக்காம இரிக்கான். நீ சின்னப் புள்ள, உனக்கு அந்தக் காலம் தெரியா."

அவர் பேச்சில் பிழை பிடிக்க முடியவில்லை. ஒன்றிலிருந்து ஒன்று சரியாகத்தான் வந்தது. தொடக்கம் மட்டும் வேறு. நானும் ஒரு தொடக்கத்திலிருந்துதான் என் கணக்கைப் போட்டிருந்தேன். மணிக்கூடு நின்றது என்ற அந்தக் கிணற்றடித் தொடக்கமே பிழை.

அந்த வாரம் முழுக்க அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் இரண்டு நேரமும் வயிறாரச் சாப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரியிடம், "என்ட மகன் வெளிநாட்டில இரிக்கான். இப்பதான் தெரியவந்த," என்று சொல்வதைக் கேட்டேன். அவள் மதில் மேலால் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டவில்லை, மறுக்கவும் இல்லை.

முறைப்பாடு கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நாட்டில் ஒரு மனிதர், ஒருவேளை நல்ல மனிதர், பழைய மணிக்கூடு விற்கும் கடையொன்றில் வாங்கியிருப்பார். கடைக்காரர் வேறொருவரிடம் வாங்கியிருப்பார். இப்படி ஒவ்வொரு கையாகப் பின்னால் போனால், கடைசியில் உங்கள் கையிலிருந்து கொக்கியை நீக்கியவர் இருப்பார். அவர் எந்தக் கரை என்று தெரிந்துகொள்வதில் எனக்கு இப்போது அக்கறையில்லை. ஒன்றைத்தான் கேட்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கை சூடாக இருந்ததா? நான் சுமந்து திரிவது அந்தக் கேள்வியையும் ஒரு இலக்கத்தையும்தான். என் அடையாள அட்டை இலக்கம் சில நேரம் மறந்துபோகிறது. அது மறப்பதில்லை.

நேற்று நிரோஷன் திரும்பவும் கோல் எடுத்தான், ஒலிபெருக்கியில்தான் போட்டிருந்தேன். படிவம் தயார், சரி என்று சொன்னால் போதும் என்றான். உங்கள் அம்மா மழை விட்ட வெயிலில் நடையில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கேட்காதவர்போல் இருந்தார். ஆனால் கை ஓய்ந்துவிட்டது.

"இப்ப வேணாம், நிரோஷன்," என்றேன். "அம்மம்மா இருக்கும்வரைக்கும் வேணாம்."

"அதுக்குள்ள அது வேற கைக்கு மாறிட்டா, மாமி? மறுகா ஆள் அம்புடாது."

"மாறட்டும்."

நான் தொலைபேசியை வைத்த பிறகு அவர் மிளகாயைத் திரும்பவும் பரத்தத் தொடங்கினார். பிறகு என்னைப் பார்க்காமல், "தேத்தண்ணி போடட்டா, புள்ள?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

ஆகவே நீங்கள் எங்கே இருந்தாலும் பயப்பட வேண்டாம். உங்கள் அம்மா இருக்கும்வரை உங்களை யாரும் பிடிக்க மாட்டார்கள்.