என் முதுகில் உன் கை

என் ஜாஃபர் மச்சானுக்கு,

மேலே காற்று எப்படி அடிக்கிறது என்று கேட்டு, கீழே இருந்து உன் மாரி எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் தி. நகரில் துணி எடுக்கப் போனோம். மூன்றாவது மாடியிலிருந்து எஸ்கலேட்டரில் இறங்க வேண்டும். படிகள் கீழே கீழே ஓடுவதைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. தூக்குகிறேன், வைக்க மனசு வரவில்லை, மறுபடி இழுத்துக்கொள்கிறேன். பின்னால் கட்டைப்பைகளோடு கூட்டம் சேர்ந்துவிட்டது.

"இன்னா நைனா, எறங்கப் போறியா, இல்ல வேடிக்கை பாத்துகினு நிக்கப் போறியா?" என்று ஒரு அம்மா சத்தம் போட்டாள்.

என் பெண்டாட்டி அவளிடம், "அவரு மிலிட்டரிம்மா. ஏரோப்ளேன்லேர்ந்தே குதிச்சவரு" என்றாள். பெருமைக்குச் சொன்னாளா, மானத்தை வாங்கச் சொன்னாளா? கடையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் முதுகுப் பக்கம் உன் கையைத் தேடினேன் மச்சான். இல்லை. லிஃப்டில் இறங்கினேன்.

நீ பட்டாளத்துத் தையல்காரன், நான் சமையல்காரன். வேறு பட்டாளமாக இருந்தால் ஊசியும் கரண்டியுமாகவே காலம் போயிருக்கும். நமக்கு வாய்த்தது பாராசூட் பட்டாளம். அங்கே சோறு வடிப்பவனும் குதிக்க வேண்டும், முடி வெட்டுபவனும் குதிக்க வேண்டும். குதித்து முடித்தால்தான் நெஞ்சில் விங்ஸ் என்கிற துணிச் சின்னம். நடுவில் விரிந்த குடை, இரண்டு பக்கமும் இறக்கை. மற்றவர்கள் சட்டையில் எல்லாம் அதை நூல் பிசகாமல் தைத்துக் கொடுத்துவிட்டு, உன் மொட்டைச் சட்டையை மாட்டிக்கொண்டு போவாயே, அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆக்ராவில் பயிற்சி. ராயப்பேட்டைக்காரன் நீ, கோட்டூர்புரத்துக்காரன் நான். ஒரே பஸ்ஸில் போகிற தூரத்தில் வளர்ந்தவர்கள், அங்கே போய்த்தான் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "இன்னா மச்சி, மெட்ராஸா?" என்று நீ கேட்ட நிமிஷத்திலிருந்து எனக்கு அந்த ஊர்க் குளிர் பாதியாகக் குறைந்தது.

விமானத்துக்குள் ஒரு வழக்கம் உண்டு. முதுகில் கட்டிய பாராசூட்டை யாரும் தானே பார்த்துக்கொள்ள முடியாது. பின்னால் நிற்பவன்தான் வாரையும் கொக்கியையும் தடவிப் பார்த்து, தோளில் தட்டி "ஓகே" என்று கத்த வேண்டும். கர்னல் முதுகை முடி வெட்டுபவன் பார்ப்பான். கர்னல் பேசாமல் நிற்பார். அந்தத் தட்டு விழுந்த பிறகு அவன் என்ன ஜாதி, என்ன மதம், என்ன சம்பளம் என்று எவனுக்கும் ஞாபகம் இருக்காது. என் முதுகுக்கு நீ. பயிற்சி முழுக்க நீதான்.

முதல் குதி. வாசலில் முதல் ஆள் நான். கதவு என்று ஒன்று இல்லை, ஒரு ஓட்டைதான். அதில் வானம் இரைந்துகொண்டு நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. பயிற்சியாளர் கத்தினார். என் கால் நின்றுவிட்டது. குதிக்க மறுத்தவனை யாரும் திட்டமாட்டார்கள். ஆனால் மற்றவர்கள் தரையிலிருந்து திரும்புவதற்குள் அவன் கட்டில் காலியாகியிருக்கும். பெட்டி படுக்கையோடு அவனை ரயிலேற்றியிருப்பார்கள். எனக்கு அந்தக் காலிக் கட்டில்தான் கண்ணில் தெரிந்தது. அப்போது முதுகில் உன் கை பட்டது. அடுத்து நான் வெளியே இருந்தேன்.

அதற்கப்புறம் நடந்தது கனவா நிஜமா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். ஒரு உதறல், தலைக்கு மேல் குடை பூத்தது, இரைச்சல் முழுக்க யாரோ துடைத்த மாதிரி போய்விட்டது. அத்தனை அமைதியை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை. கீழே யமுனை, நீ மேஜையில் போட்டுவிட்டுப் போன அளவு டேப் மாதிரி வளைந்து கிடந்தது. கோதுமை வயல் ஒன்று மெதுவாகத் திரும்பிப் படுத்தது. நான் விழுவதாகவே தோன்றவில்லை, பூமிதான் தூக்கக் கலக்கத்தில் எழுந்து வருவது போல இருந்தது. மேலே எங்கேயோ இருந்து உன் குரல் மிதந்து வந்தது.

"மச்சி! ராய்ப்பேட்ட எந்தப் பக்கம்டா?"

"லெப்ட்ல போ! மணிக்கூண்டாண்ட எறங்கிக்கோ!" என்று கத்தினேன். வானத்தில் நின்று வழி சொன்ன முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

மிச்சக் குதிகளும் முடிந்து விங்ஸ் கொடுத்தார்கள். நம் இரண்டு சட்டையிலும் நீயே தைத்தாய். எல்லோரும் கட்டிப்பிடித்து ஆடினோம். ஆனால் எனக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்துவிட்டது. நீ தள்ளினாயா, நான் குதித்தேனா? தள்ளியிருந்தால் இந்தச் சிறகு எனக்குச் சொந்தமில்லையே?

ஊர் திரும்பி நீ தையல் கடை வைத்தாய், நான் டிபன் கடை வைத்தேன். கேள்வி மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் கடைப் பொங்கலைத் தின்றுகொண்டே, "நான்தான்டா தள்ளுனேன்" என்பாய். அடுத்த வாரம், "ஒன்னிய தள்ள கிரேன் வேணும் மச்சி, நீயேதான் போன" என்பாய். "உண்மையச் சொல்றா!" என்றால், "இன்னொரு வடை வெய்யி, ஞாபகம் வருதா பாக்கலாம்" என்பாய். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டபோது ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, "சஸ்பென்ஸ், மச்சி" என்றாய். நர்ஸ் உன்னைத் திட்டினாள். அப்புறம் நீ போய்விட்டாய். தெரிந்த ஒரே ஆள் நீ. இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

நம் ஆட்கள் வருஷா வருஷம் கூடுகிற கூட்டத்தை இந்தத் தடவை உன் வீட்டிலேயே வைத்தார்கள். மெரூன் தொப்பியும் விங்ஸுமாக ஒவ்வொரு தொப்பையாக மாடிப்படி ஏறி வந்தது. உன் சம்சாரம் நஸ்ரீன் பாபி எல்லோருக்கும் பிரியாணி போட்டார். நீ இருந்தால் உப்பைக் குறை சொல்லியிருப்பாய். யாரும் சொல்லாததால் பாபி அடிக்கடி அடுப்படிக்குள் போய்விட்டு வந்தார்.

எந்தக் கூட்டத்துக்கும் நான் விங்ஸைக் குத்திக்கொண்டு போனதில்லை என்பது உனக்குத் தெரியும். நீ தைத்ததைப் பிரித்தெடுத்து சட்டைப்பையில் மடித்து வைத்திருப்பேன், அவ்வளவுதான். உன் மகள் ஆயிஷா பெருங்குடி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"மாமா, அல்லாரும் போட்டுகினு வந்துகீறாங்கோ, நீங்க மட்டும் ஏன் மொட்டையா கீறீங்க?"

வேறு யாராக இருந்தாலும் கிண்டலடித்து நழுவியிருப்பேன். உன் மூக்கு அவளுக்கு. அந்த மூக்கைப் பார்த்துப் பொய் வரவில்லை. வாசலையும் முதுகில் பட்ட கையையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

"அத்தா எங்க தள்ளுனாரு, மாமா? அவரே கண்ண இறுக்கி மூடிகினு இருந்தாராம். பயத்துல உங்க முதுகப் புடிச்சிகினு நின்னாராம். திடீர்னு கை காலியாயிடுச்சாம். 'மாரி பூட்டான், நான் மட்டும் இங்க இன்னா பண்றது'ன்னு கைய நீட்டிகினே பின்னால வந்துட்டேன்னு சொன்னாரு."

"இத ஏன்டி எனக்குச் சொல்லல?"

"சொன்னா ஞாயித்துக்கிழம வடை நின்னுடும்னாரு."

அங்கே எல்லோருக்கும் நடுவில் நான் எப்படி நின்றேன் என்று கேட்காதே. கையில் பிரியாணித் தட்டு இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷமாக என்னைத் தள்ளிய கை என்று நினைத்தது, என்னைப் பிடித்துக்கொண்டிருந்த கையா? இது நிஜமா மச்சான்? இல்லை, எனக்குச் சொல்லட்டும் என்றே நீ அவளிடம் சொல்லி வைத்த கதையா? உன்னை நம்பவும் முடியவில்லை, உன்னை விட்டால் நம்ப ஆளும் இல்லை.

சில நாள் விடியலில் கடை திறக்கும்போது அடையாற்றின் மேல் பனி நிற்கிறது. பாலத்தில் போகிறவர்கள் கால் தரையில் படாமல் போவது போலத் தெரிகிறார்கள். அதில் ஒருவன் எந்தப் பக்கம் இறங்குவது என்று கேட்பான் என்று காது கொடுத்து நிற்கிறேன். சாம்பார் அடிபிடித்த பிறகுதான் நினைவு வருகிறது.

இனி அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டேன். பாபிக்கும் ஆயிஷாவுக்கும் பின்னால் நான் நிற்பேன், வாரையும் கொக்கியையும் பார்த்துத் தோளில் தட்டுவேன். விங்ஸையும் இனிமேல் குத்திக்கொள்வேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

கூட்டத்தன்றைக்கே குத்திக்கொண்டேன். போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். மாடிப்படியில் நின்று, பையிலிருந்து எடுத்து, இரண்டு ஊக்கு போட்டுக்கொண்டு, போய் நடுவில் நின்றேன். எல்லோரும் என் நெஞ்சைப் பார்த்தார்கள். சிலர் விறைப்பாக சல்யூட் அடித்தார்கள். படம் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடி மாட்டி, உன் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அதில் என் விங்ஸில் குடை தலைகீழாக இருக்கிறது, இறக்கை கவிழ்ந்து கிடக்கிறது. குனிந்து பார்த்தபோது எனக்கு நேராகத்தான் தெரிந்தது.

உனக்கு முன்னால் நின்ற,
உன் மச்சான்
மாரி