ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம்

ஜூன் 12, வியாழன்

மானிடப் புவியியல் பாடப் புத்தகம் தபாலில் வந்துவிட்டது. முப்பத்தாறு வயதில் அஞ்சல் வழி பி.ஏ. போன வருடம் இந்தத் தாளில்தான் கோட்டை விட்டேன். படிப்பு மையத்து ஸ்ரீரங்கன் சார் நேற்று ஒரு வழி சொன்னார்: “மனப்பாடம் பண்ணாதீங்கம்மா. ஒவ்வொரு சொல்லையும் உங்க வீட்டு விஷயத்தோட கோத்து எழுதி வைங்க. பரீட்சைல வீடு ஞாபகம் வரும், சொல்லும் கூடவே வரும்.”

ஆகவே இந்த டைரி. ஆபீசில் இலவசமாகக் கொடுத்தது. அட்டையில் கொத்துக் கொத்தாக மாங்காய், கீழே ‘வசந்த மாந்தோப்பு நகர், ஊரப்பாக்கம்’. எங்கள் புரமோட்டர் விற்கும் மனைகள். நோட்டீஸ் எழுதுவது என் வேலை.

முதல் சொல்: இடப்பெயர். ஓர் ஊரின் பெயர் அந்த ஊரைப் பற்றி எதையாவது சொல்லுமாம். மாந்தோப்பு நகருக்கு ஆபீஸ் காரில் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். கருவேல முள்தான் இருந்தது. பெயர் வைத்தது நான்தான், யாரைக் குறை சொல்ல? நாங்கள் வாடகைக்கு இருக்கும் இரும்புலியூரில் மட்டும் புலியா இருக்கிறது? கீழ் வீட்டுக் கனகவல்லி அக்காவின் பூனைதான் உண்டு.

ஜூன் 13, வெள்ளி

தள்ளும் காரணிகள், ஈர்க்கும் காரணிகள். மக்கள் ஏன் இடம் மாறுகிறார்கள் என்பதற்கு.

தள்ளுவது: வீட்டுக்காரரான அதே கனகவல்லி அக்கா. நல்லவர்தான். ஆனால் மீன் பொரிக்கக் கூடாது, ஒன்பதுக்கு மேல் மிக்ஸி கூடாது, மாடியில் பெட்ஷீட் காயப்போடக் கூடாது. பதினோரு வருடம்!

ஈர்ப்பது: இன்னும் ஒன்றும் அகப்படவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

முழுத் தொலைவு என்பது கிலோமீட்டர். சார்புத் தொலைவு என்பது போய்ச் சேர ஆகும் நேரம், அலுப்பு, எரிச்சல் எல்லாம் சேர்ந்தது. ஏதாவது ஒரு வழியை நீங்களே அளந்து எழுதுங்கள் என்கிறது பயிற்சி. சர்ச் முடிந்ததும் என் கணவர் சாலமனைச் சாப்பிட வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் ஊரப்பாக்கத்தில் இறங்கினேன். ‘ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்’ என்று என் கையால் எழுதியிருக்கிறேனே, அதையே அளப்போம் என்று.

இருபத்தாறு நிமிடம்.

முதலில் ரயில்வே கேட். கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் மண் ரோடு, ஒரு நாய், இன்னொரு நாய், வெயில். கடைசியில் என் மாந்தோப்பின் நுழைவு வளைவு. அதன் நிழலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஒரு வருடமாக இதைத்தான் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

முதலாளி சிட்டிபாபு சாரிடம் கேட்டேவிட்டேன், ஐந்து நிமிடம் எங்கிருந்து வந்தது என்று.

“இன்னாம்மா இப்டி கேக்குற? ஞாயித்துக்கெழம காலைல அஞ்சரைக்கு நானே புல்லட்ல போய் பாத்தேன். ஹரிபிரசாத்து பின்னால குந்திகினு போன்ல டைம் பாத்தான். அஞ்சு நிமிசம் நாப்பது செகண்டு. நாப்பது செகண்ட தள்ளுபடி பண்ணிட்டேன்.”

“கேட் சார்?”

“தொறந்துதான் கீது அந்நேரத்துக்கு!”

ஹரிபிரசாத் என் பக்கத்து மேஜை. கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தான். மற்ற புரமோட்டர்களும் இப்படித்தானாம். இந்த ஜிஎஸ்டி ரோட்டில் யாருமே நடப்பதில்லை போலிருக்கிறது, எல்லாருக்கும் புல்லட்.

ஜூன் 18, புதன்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

இன்றைய பயிற்சி மன வரைபடம். வீட்டில் ஒருவரை எதையும் பார்க்காமல் தன் ஊரை வரையச் சொல்ல வேண்டும். பெரிதாக வரைவது அவருக்கு முக்கியம், வெறுமையாக விடுவது அவருக்கு இல்லாத ஊர். சாலமனிடம் தாளைக் கொடுத்தேன்.

சாலமனுக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் வேலை. ஐம்பத்திரண்டு நொடிக்கு ஒரு பாகம் வெளியே வர வேண்டும். அந்த வியாதி வீட்டுக்கும் வந்து, இட்லி வேகிற நேரத்தைக்கூட வாட்சில் அமுக்கிப் பார்ப்பார். தாளில் வரைந்தது: வீடு, கம்பெனி பஸ் நிற்கும் இடம், கம்பெனி, கம்பெனி அளவுக்கே ஒரு பிரியாணிக் கடை. சர்ச் தீப்பெட்டி சைஸ். நடுவே இருக்கும் வண்டலூரெல்லாம் காலி. “பஸ் ஏறுனா தூங்கிடுவேன், எனக்கெப்படி தெரியும்?” என்றார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அப்புறம் ஊரப்பாக்கத்தில் ஒரு கட்டம் போட்டார். உள்ளே 27. பக்கத்தில் ஒரு மாமரம்.

“இது என்ன?”

“ஒண்ணுமில்லயே.” அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். “கல்யாண நாளுக்குச் சொல்லலாம்னு வச்சிருந்தேன் கிறிஸ்டி. உங்க மாந்தோப்பு நகர்ல இருபத்தேழாம் நம்பர் மனை. இன்னைக்குத்தான் அட்வான்ஸ் குடுத்தேன். உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு ஹரிபிரசாத்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன்.”

“நடந்து பாத்தீங்களா?”

“ஹரி கார்ல கூட்டிட்டுப் போனான். ஸ்டேஷன்லேர்ந்து அஞ்சு நிமிஷம். நீதானே எழுதியிருக்க! வேற எவன் எழுதியிருந்தாலும் நடந்து பாத்திருப்பேன்.”

நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 19, வியாழன்

சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை. எங்கள் ஆபீஸ் விதிப்படி பதினான்கு நாளுக்குள் வேண்டாமென்றால் முன்பணம் அப்படியே திரும்பும். ஜூலை இரண்டு வரை நேரம் இருக்கிறது. ஐயோ, அந்த மனுஷன் எவ்வளவு சந்தோஷமா இருக்கார்! சமையல் ரூம் ஜன்னலை எந்தப் பக்கம் வைக்கலாம்னு கேக்கறார். மீன் பொரிக்கிற வாடை போக கிழக்கே வைக்கலாமாம். என்னத்தச் சொல்ல? என் நோட்டீஸ் பொய்னா? அதை நம்பித்தான் அட்வான்ஸ் குடுத்தீங்கன்னா?

ஜூன் 22, ஞாயிறு

சர்ச் முடிந்து, “வாங்க, நம்ம மனைக்கு நடந்து போய்ப் பாப்போம்” என்றேன். பிளாட்பாரத்தை விட்டு இறங்கும்போதே வாட்சை அமுக்கினார். பெருமையாகத்தான்.

கேட் மூடியிருந்தது. ஒரு எக்ஸ்பிரஸ், அதன் பின்னால் ஒரு லோக்கல். ஏழு நிமிடம். பத்தாவது நிமிடத்தில் பேச்சு குறைந்தது. பதினெட்டில் நின்றேவிட்டது. கருவேல முள் நடுவே 27 என்று எழுதிய கல்லின் பக்கத்தில் வாட்சை நிறுத்தினார்.

“இருபத்தாறு நிமிஷம் பதினாலு செகண்ட்,” என்றார். “எழுதறதுக்கு முன்னாடி நீ நடந்து பாத்தியா?”

“இல்ல.”

“அப்புறமாவது?”

“போன ஞாயித்துக்கிழம.”

வாட்சிலிருந்து கையை எடுத்தார். “அப்ப, நான் மாமரம் வரைஞ்சப்போ உனக்குத் தெரியும்.”

தெரியும்தான். திரும்பும்போது ஆட்டோ பிடித்தோம்.

ஜூன் 24, செவ்வாய்

தொலைவுத் தேய்வு. தூரம் கூடக் கூட இருவருக்குள் பேச்சுவார்த்தை குறையும் என்கிறது புத்தகம். எழுதினவருக்குக் கல்யாணம் ஆகவில்லை போல. இங்கே ஒரே கட்டில், நடுவே ஒரு தலையணை. இன்று முழுக்க எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை: “உப்பு.” அதுவும் நான் கேட்டது.

ஜூன் 26, வியாழன்

புது நோட்டீசுக்கு மேட்டர் அனுப்ப வேண்டிய நாள் நேற்று. யாரையும் கேட்காமல் மாற்றி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். இன்று கட்டுக் கட்டாக வந்து இறங்கியது.

‘வசந்த மாந்தோப்பு நகர். ஊரப்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து 26 நிமிட நடை. கேட் திறந்திருந்தால் 19. ஞாயிறு அதிகாலை புல்லட்டில் 5. மாமரம் இல்லை. நீங்கள் வைக்கலாம்.’

சிட்டிபாபு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“ஏம்மா, பேஜார் பண்றியா? இருபத்தாறு நிமிசம்னு போட்டு எவன்மா மனை வித்துகீறான்?”

“உங்க புல்லட்டும் போட்டிருக்கேன் சார்.”

“மாமரம் இல்லன்னு வேற போட்டுகீற!”

“சார், என் வீட்டுக்காரரே இந்த அஞ்சு நிமிஷத்த நம்பி அட்வான்ஸ் குடுத்திருக்கார். நாலு நாளா என் மூஞ்சியப் பாக்கல. என்னை வேலைய விட்டு எடுக்கணும்னா எடுங்க, அஞ்சுன்னு இனிமே என் கையால எழுத மாட்டேன்.”

குரல் உடைந்துவிட்டது. அவருக்கு அழுகிறவர்களைப் பார்த்தால் ஆகாது. டீ சொன்னார். “அட்ச்சது அட்ச்சாச்சு, குப்பைலயா போட முடியும்? அனுப்பு. ஆனா ஒரு போன்கூட வரலன்னா நீ வேற எடம் பாத்துக்கோ.”

ஒரு நோட்டீசை வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். சாலமன் தண்ணீர் எடுக்க வந்தவர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே மூன்று முறை படித்தார்.

“நடைன்னா யார் நடை? உன் நடையா, என் நடையா?”

நாலு நாளில் முதல் வாக்கியம். பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்து, “என் நடைங்க” என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

மூன்று போன் வந்தது. இரண்டு பேர் சிரிப்பதற்காகவே கூப்பிட்டார்கள். மூன்றாமவர், “மத்த விஷயமும் இதே மாதிரி உண்மைதானா?” என்று கேட்டுவிட்டு நாளை வருகிறேன் என்றார். சிட்டிபாபு சார் என் பக்கம் திரும்பவேயில்லை. இரண்டாவது டீ மட்டும் மேஜைக்கு வந்தது.

ஜூன் 29, ஞாயிறு

சாயங்காலம் சாலமனே, “இன்னொரு தடவ நடப்போம் வா. போன தடவ கோவத்துல நடந்தேன், அது கணக்குல வராது” என்றார்.

மாந்தோப்பு நகரில் இதுவரை ஐந்தே வீடு. முதல் வீட்டு வாசலில் ஒரு அம்மா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பெயர் சாவித்ரி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். குடிக்கத் தண்ணீர் கேட்டோம், நாற்காலியே போட்டுவிட்டார்.

“நீங்களும் அந்த அஞ்சு நிமிஷ நோட்டீஸ பாத்துத்தான் வந்தீங்களா?” என்று சிரித்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

“எழுதுனதே இவதான்,” என்றார் சாலமன். காட்டிக்கொடுத்துவிட்டார்!

சாவித்ரி டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நல்லா இருங்க. தினம் கேட்ல நிக்கும்போது உங்களத்தான் திட்டுவேன், மூஞ்சி தெரியாம. இனிமே மூஞ்சியோட திட்டலாம்.” அப்புறம் கேட்டார்: “மனை வாங்கறீங்களா, இல்லயா? தெளிவா சொல்லுங்க. ஏன்னா பால்காரர் ஆறு வீடு இருந்தாத்தான் உள்ள வருவேங்கறார். இப்ப அஞ்சுதான். தினம் காலைல நான் கேட்டைத் தாண்டிப் போய் பால் வாங்கிட்டு வரேன்.”

சாலமன் என்னைப் பார்த்தார். “இதுக்கு உன் புத்தகத்துல பேர் இருக்கா?”

இருக்கிறது. நாலாவது பாடம், குறைந்தபட்ச மக்கள் அளவு. ஒரு கடையோ சேவையோ பிழைக்க இத்தனை பேராவது வேண்டும். ஐந்து பேருக்கு வராது, ஆறு பேருக்கு வரும். சொன்னேன். டீச்சர், “பாத்தீங்களா, கணக்கு!” என்றார்.

ஸ்டேஷனுக்குத் திரும்பி நடந்தோம். ஜன்னல் கிழக்கேவா மேற்கேவா என்று பேசிக்கொண்டே வந்ததில் பிளாட்பாரம் வந்துவிட்டது. எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன். சாலமன் மணிக்கட்டைப் பார்த்தார்.

“அமுக்க மறந்துட்டேன்.”

ஜூலை 1, செவ்வாய்

நாளை கடைசி நாள். “திருப்பி வாங்கிடலாமா?” என்று கேட்டேன்.

“இருபத்தாறு நிமிஷம் எனக்குக் கஷ்டமில்ல கிறிஸ்டி. நீ தெரிஞ்சும் நாலு நாள் சும்மா இருந்ததுதான் கஷ்டமா இருந்துச்சு.”

“இனிமே இருக்க மாட்டேன்.”

“அப்ப அந்த டீச்சருக்குப் போன் போடு. ஆறாவது வீடு வருதுன்னு சொல்லு.”

தலையணை தலைமாட்டுக்குப் போய்விட்டது.

மே 17, ஞாயிறு

அட்டையில் மாங்காய் போட்ட இந்த டைரி மூட்டை பிரிக்கும்போது கிடைத்தது. பத்து மாதமாகத் தொடவில்லை. தாளில் ஐம்பத்தெட்டு மார்க், பாஸ். புது வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. காலை ஆறேகாலுக்குப் பால்காரர் மணியடிக்கிறார். வாசலில் ஒரு மாங்கன்று வைத்திருக்கிறோம், பெயருக்கு ஒன்றாவது இருக்கட்டும்.

இன்று கனகவல்லி அக்கா முதல் முறையாக வீடு பார்க்க வந்தார். நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

“ஏம்மா, ஊரப்பாக்கத்துல எறங்கிட்டேன். வூடு தூரமா? ஆட்டோ புடிக்கவா?”

“ஆட்டோ எதுக்குக்கா? கேட்டைத் தாண்டி நேரா வாங்க. அஞ்சு நிமிஷம்தான்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், சாலமன் கதவில் சாய்ந்துகொண்டு வாட்சை அமுக்குகிறார்.

அக்கா வந்து சேர்ந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பேச மூச்சில்லை. சாலமன் அவருக்குத் தண்ணீரைக் கொடுத்தார், எனக்கு வாட்சைக் காட்டினார். முப்பத்தொன்று.

கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், நான் பொய் சொல்லவில்லை. எனக்கு ஐந்து நிமிடமாகத்தான் தெரிகிறது.