இரும்பு கொடுத்தீர்கள், மருந்து கொடுக்கவில்லை

தாடிக்கொம்பு
11.6.2025

அன்புள்ள ஜெஸ்ஸி டீச்சருக்கு,

இசைவாணி எழுதுகிறேன். மணிமேகலையிடம் நீங்கள் கொடுத்துவிட்ட கடிதம் வந்தது. போன் பண்ணினால் அம்மாதான் எடுக்கிறார், நீ வர மாட்டேன் என்கிறாய் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். கோபம் இல்லை டீச்சர். போனைக் காதில் வைத்தால் எனக்கு வாய் வராது. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதே குரல் கொடுக்காமல் கையை மட்டும் தூக்குகிறவள்தானே நான். எழுதச் சொன்னால் எழுதுவேன்.

வீட்டில் எல்லாரும் சுகம். அப்பா இந்தத் தடவையும் சின்ன வெங்காயம்தான் போட்டிருக்கிறார். நான் பக்கத்தில் ஒரு கொட்டகைக்கு வெங்காயத் தாள் அறுக்கப் போகிறேன். கண் எரிச்சல் பழகிவிட்டது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் முட்டி வலி குறைந்ததா? மாடி வகுப்பை மாற்றித் தரச் சொல்லி இருந்தீர்களே, தந்தார்களா?

"நடந்ததை மறந்துவிட்டு மறுபடி பத்தாவதில் வந்து சேர்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மறப்பதற்கு ஒன்றும் இல்லை டீச்சர். வலிப்பு வந்த நேரத்தில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. பக்கத்து பெஞ்சில் இருந்த மணிமேகலை சொல்லித்தான் தெரியும்.

நான் கீழே விழுந்ததும் நீங்கள் ஓடி வந்து உங்கள் சாவிக்கொத்தை என் கையில் வைத்து அமுக்கினீர்களாம். யாரோ ஒரு மர ஸ்கேலைப் பல்லுக்கு நடுவே திணித்தார்களாம். முன் பல் உடைந்தது அப்போதுதான். நாலு பேர் என் கையையும் காலையும் பிடித்துக்கொண்டார்களாம். மணிமேகலை அழுதுகொண்டே, "டீச்சர், இவ பையில மூக்குல அடிக்கிற மருந்து இருக்கு. அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா அடிக்கணும்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்த சீட்டும் இருக்கு" என்று சொன்னாளாம். "மருந்தெல்லாம் நாம தொடக் கூடாது, ஏதாவது ஆனா யாரு பொறுப்பு?" என்றீர்களாம் நீங்கள். ஆம்புலன்ஸ் வந்து, அதில் இருந்தவர்கள்தான் அந்த மருந்தை அடித்தார்கள்.

மருந்து கொடுக்கப் பயந்தீர்கள். இரும்பு கொடுக்க மட்டும் எப்படிப் பயம் இல்லாமல் போனது? ஏழு மாதமாக இதை உங்களிடம் கேட்க வேண்டும் என்று இருந்தேன். கேட்டுவிட்டேன்.

உங்கள் மாணவி,
இசைவாணி


திண்டுக்கல்
18.6.2025

என் அன்பு இசைக்கு,

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் பிரித்துவிட்டு உடனே மடித்து வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் முழுவதும் படித்தேன். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. மாடியும் மாறவில்லை. இவ்வளவு கோபத்திலும் அதைக் கேட்டாயே கண்ணு.

நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு அண்ணனுக்கு வலிப்பு வரும். என் அம்மா அருவாளை எடுத்துக்கொண்டு ஓடுவார். இரும்பைத் தொட்டதும் அடங்கிவிடும் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். அது தானாக அடங்குகிறது என்று பி.எட். படிப்பில் கூட யாரும் சொல்லித் தரவில்லை. இரும்பு கொடுத்ததால் இதுவரை யாருக்கும் மெமோ வந்ததில்லை, இசை. மருந்து கொடுத்தால் வரும். அதுதான் உண்மை.

இப்போது வேறு ஒரு சிக்கல். உனக்கு நடந்ததற்குப் பிறகு தலைமையாசிரியர் கருப்பணன் சார் புது உத்தரவு போட்டிருக்கிறார். எந்தப் பிள்ளையும் மருந்தைப் பையில் வைத்திருக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். அவர் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்வார். நோய் உள்ள பிள்ளையைச் சேர்ப்பதென்றால், "பள்ளி நேரத்தில் எது நடந்தாலும் பள்ளிக்கூடம் பொறுப்பு இல்லை" என்று பெற்றோர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் யோசித்து ஒரு வழி வைத்திருக்கிறேன். வலிப்பு குணமாகிவிட்டது என்று சொல்லிவிடு. மாத்திரையைக் காலையும் ராத்திரியும் வீட்டிலேயே போட்டுக்கொள். ஒரு வருடம்தானே, ஓடிவிடும். பத்தாவது இல்லாமல் எத்தனை நாள் வெங்காயத் தாள் அறுப்பாய்? நீ கணக்கில் எழுபதுக்குக் குறையாதவள். என் மேல் உள்ள கோபத்தை உன் படிப்பின் மேல் காட்டாதே.

என்றும் உன் நன்மையை நினைக்கும்,
ஜெஸ்ஸி


தாடிக்கொம்பு
22.6.2025

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் வழி வேண்டாம்.

அதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "டீச்சரம்மா நல்லதுதானடி சொல்றாக. ஒரு பொய்யி, அம்புட்டுத்தானே" என்றார். அப்பாவுக்குப் பொய் பிடிக்காது. ஆனால் கையெழுத்துக்குத் தயார். "போட்டா என்ன குடியா முழுகிப் போகுது? பேப்பருதானத்தா" என்கிறார். ரெண்டு பேருக்கும் என்னைப் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டால் போதும். பாவம், அவர்களைச் சொல்லி என்ன.

டீச்சர், குணமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நான் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வராது என்று நினைத்திருக்கிற இடத்தில் வந்தால் போன தடவையைவிட மோசமாகத்தானே இருக்கும்? மாத்திரை போட்டாலும் எனக்குச் சில சமயம் வரும். டாக்டரம்மா அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

கொட்டகையில் முதல் நாளே அம்மா எல்லாரிடமும் சொல்லிவிட்டார். "அப்ப கையில இந்த அருவாமனையக் குடுக்கவாத்தா?" என்று ஒரு அக்கா கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அன்றிலிருந்து நிம்மதி. வெட்கம் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. மறைத்திருந்தால் தினமும் பயந்திருப்பேன்.

அந்தக் காகிதத்திலும் அப்பாவைக் கையெழுத்துப் போட விட மாட்டேன். காலையில் கேட்டுக்குள்ளே விட்டுப் பூட்டுகிறீர்கள். சாயங்காலம்தான் திறக்கிறீர்கள். நடுவில் எனக்கு நீங்கள் பொறுப்பு இல்லை என்றால் வேறு யார்? கீழே விழுந்து கிடக்கும்போது என் மருந்தை நானே அடித்துக்கொள்ள முடியுமா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மருந்து என் பையிலேயே இருக்க வேண்டும். வலிப்பு வந்தால் யாரும் என்னை அமுக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். நேரம் போனால் மருந்தை அடிக்க ஒரே ஒரு ஆள் வேண்டும். "நான் அடிக்கிறேன்" என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆள் சொன்னால் போதும், மறுநாள் வந்து உட்காருவேன். நீங்கள் சொல்வீர்களா?

சொல்ல முடியாவிட்டால் முடியாது என்று எழுதிவிடுங்கள். "உன் நன்மைக்குத்தான்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

இசைவாணி


திண்டுக்கல்
2.7.2025

இசை,

பத்து நாளாகப் பதில் எழுத முடியவில்லை. "முடியாது" என்று எழுதி வைத்திருந்தேன். அதைக் கொடுத்துவிட மனசு வரவில்லை. அதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது.

ஆறாம் வகுப்பில் நஸீரா என்று ஒரு பிள்ளை. இளைப்பு உண்டு. உறிஞ்சுகிற பம்பைத்தான் உயிராக வைத்திருப்பாள். உத்தரவுப்படி அது பீரோவுக்குள் போய்விட்டது. நேற்று முன்தினம் மைதானத்தில் புழுதி. பிள்ளைக்கு மூச்சு ஏறிக்கொண்டது. கருப்பணன் சார் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார், சாவியும் அவரோடு போய்விட்டது. போன் எடுக்கவில்லை. பிள்ளையின் உதடு நிறம் மாறுகிறது. நாங்கள் ஐந்து டீச்சர்கள் சுற்றி நின்று விசிறிக்கொண்டிருக்கிறோம். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். "யாரு பொறுப்பு?" யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் எல்லார் முகத்திலும் அதுதான் எழுதியிருந்தது.

அட்டெண்டர் முனியப்பனிடம் பூட்டை உடைக்கச் சொன்னேன். "டீச்சர், எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்றாதீங்க" என்று கும்பிட்டார். மணி அடிக்கிற இரும்புக் கம்பியை அவர் கையிலிருந்து பிடுங்கி நானே உடைத்தேன். பீரோக் கதவு நசுங்கிவிட்டது. பம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். இந்த முட்டியோடு எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையே வாங்கி உறிஞ்சிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, "டீச்சர், அழுவாதீங்க" என்றாள்.

நேற்று மெமோ வந்துவிட்டது. அரசு உதவியில் வாங்கிய பீரோவைச் சேதப்படுத்தியது, அனுமதி இல்லாமல் மாணவிக்கு மருந்து கொடுத்தது. ஒரு வாரத்தில் விளக்கம் எழுத வேண்டும். மற்ற டீச்சர்கள் என்னோடு டீ குடிக்கக்கூட வருவதில்லை.

அதனால் சொல்கிறேன், இப்போது வராதே. சார் ரொம்பக் கோபத்தில் இருக்கிறார். உனக்கு ஆதரவாகப் பேசினால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். நான் இந்தப் பள்ளியில் இருப்பேனா என்பதே தெரியவில்லை. கொஞ்சம் ஆறட்டும், பார்க்கலாம். நீ கேட்டதற்கு இப்போதும் என்னால் பதில் எழுத முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது இசை.

ஜெஸ்ஸி


பள்ளிக்கூட வராந்தா, ஆபீஸ் எதிரே
7.7.2025

அன்புள்ள டீச்சருக்கு,

வராதே என்றீர்கள், வந்துவிட்டேன். நீங்கள் மாடியில் ஒன்பதாவதுக்குப் பாடம் நடத்துவது இங்கே கேட்கிறது. முனியப்பன் அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அப்பாவும் நானும் முதல் மணிக்கே வந்துவிட்டோம். கருப்பணன் சார் அந்தக் காகிதத்தை அப்பாவிடம் நீட்டினார். அப்பா பேனாவைத் திறந்துவிட்டார். பஸ்ஸில் வரும்போது முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன், அப்போதும் திறந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா?" என்றார் சார்.

"போட மாட்டாரு சார்."

சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க படிச்சம்புட்டு நாளும் உன் குரலையே நான் கேட்டதில்ல. இப்ப சட்டம் பேச வந்திட்டியாக்கும்?"

"சட்டம் தெரியாது சார். எனக்கு வலிப்பு வந்தா மருந்து அடிப்பீகளா மாட்டீகளா, அத மட்டும் சொல்லுங்க."

"அடிச்சு ஏதாவது ஆச்சுன்னா?"

"அடிக்காமலே ஆச்சே சார்" என்று உடைந்த பல்லைக் காட்டினேன்.

சார் அப்பா பக்கம் திரும்பி, "என்னய்யா சோலைமுத்து, புள்ளைய இப்படி வளத்து வச்சிருக்க?" என்றார். அப்பா பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, "பிள்ள வேண்டாங்குது சார்" என்றார். எனக்கு அது போதும்.

நஸீரா விஷயத்தையும் பேசினேன். "ஜெஸ்ஸி டீச்சர் பூட்ட ஒடச்சதுக்கு மெமோ குடுத்தீக. பூட்டுனவுகளுக்கு யாரு சார் மெமோ குடுப்பா?" என்று கேட்டேன். உங்களுக்குக் கெடுதலாகப் போய்விடுமோ என்று பிறகு யோசித்தேன். ஆனால் கேட்டதைத் திருப்பி எடுக்க முடியாது. நஸீராவின் அம்மாவும் இப்போது இங்கேதான் இருக்கிறார். அவரும் கையெழுத்துப் போட மாட்டாராம். நான் கூப்பிடவில்லை, மணிமேகலை போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"கையெழுத்து இல்லாம கிளாசுக்கு விட மாட்டேன், மருந்த ஆபீஸ்ல ஒப்படை" என்றார் சார். ஒப்படைக்கவில்லை. மருந்து என் மடியில் இருக்கிறது. "அப்ப வெளிய போய் உக்காரு" என்றார். உட்கார்ந்துவிட்டேன். ரெண்டு தடவை எட்டிப் பார்த்தார், நான் எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு விடாவிட்டால் நாளைக்கும் இங்கேதான். கொட்டகையில் இந்த வாரம் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பீரியட் முடிந்ததும் நீங்கள் இங்கே வர வேண்டும். மருந்தை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்க மூக்கில் எத்தனை தடவை என்று நான் காட்டுகிறேன். ஸ்டாஃப் ரூமுக்குள் வேண்டாம், இந்த வராந்தாவிலேயே, சார் பார்க்கிற மாதிரி, பிள்ளைகள் பார்க்கிற மாதிரி. வரப் பயமாக இருந்தால் பயந்துகொண்டே வாருங்கள் டீச்சர். நானும் அப்படித்தான் வந்தேன்.

இசைவாணி
பத்தாம் வகுப்பு