என் மகனுக்கு விரித்த பாய்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பி நின்ற நம் மகன் சாலமோன், அவன் தங்கை எஸ்தர், மந்தின் ஊரிலிருந்து வந்திருந்த என் அண்ணன், பக்கத்து வீட்டு முனியம்மா. ஐந்து பேர். நீங்கள் இல்லை.

இன்று காலையில் சின்னப் போதகர் ராசா வீட்டுக்கு வந்து ஒரு தாளைக் கொடுத்தார். ‘ஊழியமும் குடும்பமும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. “பாட்டி, ஒங்க வீட்டுக்காரரு எஸ்டேட்டு உபதேசியாரா இருந்துக்கிட்டு ரெண்டையும் எப்படிப் பாத்தாருன்னு பெண்கள் கூட்டத்துல பத்து நிமிஷம் பேசுங்க லா” என்றார். பத்து நிமிஷமா! நான் வாயைத் திறந்தால் கூட்டம் மத்தியானச் சோற்றை மறந்துவிடும். அந்தத் தாளின் பின்பக்கத்தில்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சிரம்பான் பஸ் பத்து மணிக்கு. பயணம் போகிற பிள்ளையின் தலையில் தகப்பன் கை வைத்து ஜெபிக்காமல் நம் வீட்டில் யாரும் கிளம்பியதில்லை. சாலமோன் முழங்கால் போட என் நல்ல பாயை விரித்து வைத்திருந்தேன். நீங்களோ சம்சுச் சாராயம் குடித்துக் காணாமல் போன ஒருவனைத் தேடி லிங்கி ஊருக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தீர்கள். அவன் பெயரை எழுத இன்னும் எனக்குக் கை வரவில்லை.

“இன்னிக்காவது வீட்டுல இருங்களேன்” என்று வழியை மறித்தேன்.

“தொண்ணூத்தொம்பது ஆடும் பத்திரமா இருக்கு புள்ள. ஒண்ணத்தான் காணோம்.”

“அந்தத் தொண்ணூத்தொம்பதுல ஒங்க மகனும் இருக்கான்.”

மோட்டார் சத்தத்தில் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் போயிருப்பீர்கள்.

ஒன்பதரை ஆனது. “நான் ஜெபம் பண்ணட்டுமா மாப்ள?” என்றார் அண்ணன். “வேணாம் மாமா, அப்பா வருவாரு” என்றான். முனியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “எங்க சாமிகூட திருவிழான்னா வாசலுக்கு வருது. ஒங்க வீட்டுச் சாமி எங்கடி போச்சு?” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. சாலமோன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மத்தியானம் வந்தீர்கள், பின்சீட்டில் அவனோடு. சேறும் நாற்றமுமாய் அவன் நேரே அந்தப் பாயில் விழுந்தான். இரண்டு கைகளையும் அவன் தலையில் வைத்து, “என் மகனே” என்று ஜெபித்தீர்கள். அடுப்படியில் நின்று பார்த்தேன். தகப்பன் ஆசீர்வாதத்தைத் தம்பி வாங்கிப் போனபின் ஏசா கதறியதை எத்தனை தடவை பிரசங்கம் பண்ணினீர்கள்! நம் ஏசா அப்போது பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான்.

சொந்த வீட்டை நடத்தத் தெரிந்தவன்தான் சபையை நடத்த வேண்டும் என்றும் வேதத்தில் இருக்கிறது. அந்த இடம் வந்தால் வேகமாக வாசித்துத் தாண்டிவிடுவீர்கள். எனக்குத் தெரியும்.

அன்று நீங்கள் கொண்டுவந்தவன் அதற்குப் பிறகு குடிக்கவில்லை. இன்று சபையில் மூப்பர். சாட்சி சொல்லும்போதெல்லாம் உங்களை “எங்கப்பா” என்கிறான். உங்கள் அடக்கத்தன்று பெட்டியின் முன்பக்கம் அவன் தோளில். “நீ போயி புடிடா” என்று சாலமோனிடம் சொன்னேன். “அவருக்குத்தான் மகன் இருக்காரேம்மா” என்றான். சாயங்காலமே திரும்பிப் போய்விட்டான்.

என்னைக் கிளினிக்குக்குக் காரில் கூட்டிப்போகிறவனும் அந்தப் பாயில் விழுந்தவன்தான். “பாத்து ஏறுங்கம்மா” என்று கதவைப் பிடித்துக்கொள்கிறான். ஏறுகிறேன். அவன் வாங்கித் தரும் மீனை ஆக்கித் தின்கிறேன். அவன் நல்லவனாகிப் போனதுதான் என் வயிற்றெரிச்சல். குடித்தே கிடந்திருந்தால், நீங்கள் போனது தப்பு என்று உங்களிடமாவது சொல்லியிருக்கலாம்.

கூட்டத்தில் ஒன்றுதான் சொல்வேன்: பிள்ளையை வழியனுப்பிவிட்டு ஆட்டைத் தேடிப் போங்கள். கர்த்தரோடு எனக்கிருந்த கோபம் தீர்ந்தது. உங்களையும், நேரில் பார்த்து ஒரு சண்டை போட்டபின் மன்னித்துவிடுவேன். என் பிள்ளைக்குரிய கைகளைத் தன் தலையில் வாங்கிக்கொண்டவனை மட்டும் மாட்டேன். அங்கே பரலோகத்தில், நான் யாரை மன்னிக்கவில்லை என்று யாராவது கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள். அவன் பெயர் தங்கையா.