இல்லாத கிளட்ச்

மார்ச் 4, செவ்வாய்

இடது இடுப்பில் இரண்டாவது முறையும் துளை போட்டு ஆபரேஷன் செய்தாயிற்று. போன வருடத் துளைகளுக்குப் பக்கத்திலேயே. மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பைத் திரும்பவும் தைத்திருக்கிறார்களாம். பேசாமல் ஒரு ஜிப் வைத்துவிடுங்கள் என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. முதல் தடவைக்காரர்கள் அளவுக்கு இரண்டாம் தடவைக்காரர்கள் தேறுவதில்லை, ஆனாலும் பெரும்பாலும் முன்பைவிட நன்றாகத்தான் இருப்பார்கள் என்றார். இந்த ‘பெரும்பாலும்’ என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பஸ் ஓட்டுகிறவன். இடது கால் நாள் முழுக்க கிளட்ச் மிதித்தாக வேண்டும். ஜூனில் டிப்போவில் தகுதிப் பரிசோதனை. தவறினால் தொலைந்த சாமான் அறையில் குடைகளுக்குக் காவல் இருக்க வேண்டியதுதான்.

மார்ச் 19

ஊன்றுகோல். பாத்ரூம் வாசல் வரை மனைவி கூடவே வருகிறாள். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பின்னால் சுற்றியதில்லை என்றேன். ஊன்றுகோலைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 2

பிசியோ பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டில் நன்றாக இருக்கும் இடுப்பு, அவளுடைய பயிற்சி மேஜையில் போய்ப் படுத்ததும் இறுகிக் கிடக்கிறது. வீட்டில் என்ன திருட்டு வேலை பார்க்கிறீர்கள் என்கிறாள். ஒண்ணும் பண்ணலம்மா, சத்தியமா. போன தடவையும் இப்படித்தானே ஆரம்பித்தது? பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 9

குற்றவாளி பிடிபட்டான். மச்சான்!

ஆஸ்பத்திரிக்கு என்னைக் காரில் கூட்டிப்போவது மனைவியின் தம்பிதான். கிளட்சை அரைகுறையாக மிதித்துவிட்டு கியரைக் கரகரவென்று இழுப்பான். பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நேரம்தான் பொறுப்பது? இன்று பிசியோ பெண் வாசலிலேயே காத்திருந்து, கார் நிற்கும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“சார், அந்தப் பக்கம் கிளட்சே இல்லையே, எதை மிதிக்கிறீங்க?”

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். போன வருடமும் இவன்தான் ஓட்டினான்! டாக்டரைக் கேட்டால் போன வருடத் தையல் அதனால் பிய்ந்திருக்காது என்பார். கேட்கப் போவதில்லை. இவனைத் திட்ட ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, அதை ஏன் விட வேண்டும்?

ஏப்ரல் 10

பிசியோ பெண்ணின் தீர்ப்பு: இனி பின் சீட். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். முதலாளி மாதிரி போகிறேன். காதுக்கு என்ன செய்வது?

ஏப்ரல் 23

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து என் இடது முழங்காலை வழியெல்லாம் அமுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். “அக்கா, பொது இடம்” என்றான் மச்சான்.

மே 14

மாடி ஏறினேன். இறங்கினேன். குந்தி உட்கார்ந்தால் சுருக்கென்கிறது. அது முழுதாகப் போகாதாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

மே 28

டிப்போவிலிருந்து நண்பன் போன் செய்தான். தொலைந்த சாமான் அறைக்கு மெத்தை வைத்த புது நாற்காலி வந்திருக்கிறதாம். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நாற்காலியாம் நாற்காலி. எவனுக்கு வேணும்?

ஜூன் 5

பரிசோதனை. பின் சீட் முழுக்க மச்சான் பலகைகளை ஏற்றி வைத்திருந்தான். வேறு வழியில்லாமல் முன்னால் உட்கார்ந்தேன். மேம்பால ஏற்றத்தில் மூன்று தடவை வண்டி அணைந்துபோனது. தொண்டை வறளக் கத்திக்கொண்டே போனேன். டிப்போ வாசலில் நிறுத்திவிட்டுச் சொன்னான்:

“அத்தான், வழி பூரா என்னைவிட நீங்கதான் அதிகமா மிதிச்சீங்க. வலிக்குதா?”

அப்போதுதான் காலைக் குனிந்து பார்த்தேன். வலிக்கவில்லை! கண் கலங்கிவிட்டது, தும்மல் வந்த மாதிரி சமாளித்தேன். உள்ளே டிப்போ டாக்டர் மிதிக்கச் சொன்னதெல்லாம் அதற்குப் பிறகு ஒரு விஷயமே இல்லை.

திரும்பும்போதும் பலகைகள் அப்படியே இருந்தன. எங்கேடா இறக்கணும் என்றேன். எடுத்த கடையிலேயே என்றான். ஏற்றத்தில் அணைந்தது மட்டும் நடிப்பில்லையாம்.

ஜூன் 16, திங்கள்

இப்போதைக்கு அரை நாள் வேலைதான். அதே பழைய பஸ், கல் மாதிரி கிளட்ச். முதல் கியருக்கு இடுப்பு லேசாக முனகியது, பிறகு அடங்கிவிட்டது. முதல் ஆளாக ஏறிய மச்சான் முன் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தான். சந்தைத் திருப்பத்தில் கொஞ்சம் வேகமாகவே ஒடித்தேன். கண்ணாடியில் பார்த்தால், அவனுடைய வலது கால் தரையில் பிரேக்கைத் தேடித் தேடி மிதித்துக்கொண்டிருந்தது.